பெட்டிக்காரரின் இடது கை

ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை என்ற ஒன்று கிடையாது. வள்ளியும் முருகனும் அன்றைக்குத்தான் முதன்முதலாக முகம் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் கதைப்போக்கும் எல்லாருக்கும் பாடம் என்ற நம்பிக்கையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நாடகம் நடக்கும். இத்தனை பேரையும் சுருதி பிசகாமல் விடியற்காலம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது மேடையின் ஓரத்தில் கால் ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரரின் பொறுப்பு. மிருதங்கக்காரரும், மற்ற தாள வாத்தியங்களைக் கவனிக்கும் ஆல்ரவுண்டுக்காரரும் பக்கத்திலேயே இருப்பார்கள். ஆனாலும் ராஜபார்ட் திரைக்கு உள்ளேயிருந்து பாடிக்கொண்டே வரும்போது, அவர் எந்தக் கட்டையில் பாடுகிறார் என்று முதல் சொல்லிலேயே பிடித்து, அந்த இடத்தில் சுருதியை நிறுத்தி வைப்பவர் இவர் ஒருவர்தான்.

எங்கள் சுருளிப்பட்டியில் அப்படி ஒருவர் இருந்தார். கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகிற வழியில் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருக்கிற ஊர் எங்களுடையது. ஊரில் அவரைப் பெட்டிக்காரர் என்பார்கள். நான் தாத்தா என்று கூப்பிட்டேன். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் அவரை ஊரில் பார்ப்பது அரிது. கூடலூர், காமயகவுண்டன்பட்டி, உத்தமபாளையம், சின்னமனூர் என்று பள்ளத்தாக்கு முழுக்கத் திருவிழா, கொடை என்று சுற்றுவார். மதுரை, திண்டுக்கல் பக்கமும் கூப்பிடுவார்கள். ஆடிக்காற்று தொடங்கிவிட்டால் நாடகம் குறைந்துவிடும், தாத்தா வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். எழுபதுகளில் அந்தத் திண்ணையில்தான் நான் ஆர்மோனியம் கற்றுக்கொண்டேன்.

அவரிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. மேடைக்குப் போவது கால் பெட்டி. மடித்துவிட்டால் டிரங்குப் பெட்டி அளவுக்குச் சுருங்கும், பஸ்ஸின் கூரையில் ஏறிவிடும். வீட்டில் இருந்தது கைப்பெட்டி. பாடம் எடுப்பது அதில்தான்.

முதல் பாடத்தில் வலது கையைத் தொடைமேல் வைக்கச் சொன்னார். விரலே வேண்டாம் என்றார். நடு சட்ஜக் கட்டையை அவரே ஒரு தீக்குச்சியைச் செருகி அழுந்தியபடி நிறுத்திவிட்டு, இடது கையால் துருத்தியைப் போடச் சொன்னார். அந்த ஒரு சுரம் பெருக்கவும் கூடாது, சிறுக்கவும் கூடாது, நடுங்கவும் கூடாது. அதுதான் பாடம். மறுநாளும் அதே பாடம். வாரங்கள் கழிந்தும் அதே பாடம். தெருவில் போகிறவர்கள் திண்ணையைப் பார்த்து, "என்ன தாத்தா, பயலுக்கு இன்னும் ரெண்டாவது எழுத்து வரலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் பதில் சொல்லமாட்டார்.

அந்த நாட்களில் ஒருநாள் பெட்டியைக் கழற்றிக் காட்டினார். இந்த வாத்தியத்தை நான் புரிந்துகொண்ட நாள் அதுதான். மேல் பலகையை எடுத்தால் ஒவ்வொரு கட்டையின் பின்புறமும் தோல் ஒட்டிய ஒரு மூடி இருக்கும். கட்டையை அழுத்தினால் மூடி தூக்கிக்கொள்ளும், கீழே ஒரு துளை திறக்கும். துளைக்கு அடியில் ரீடு. பித்தளைத் தகட்டில் நீளமாக ஒரு பிளவு, அதற்குள் விளிம்பு உரசாமல் ஆடும்படி ஒரு பித்தளை நாக்கு. நாக்கின் ஒரு நுனி மட்டும் தகட்டோடு இறுக்கப்பட்டிருக்கும், மறுநுனி சும்மா நிற்கும். காற்று அந்தப் பிளவு வழியே தப்பிக்கும்போது நாக்கு துடிக்கிறது, அந்தத் துடிப்புதான் சுரம். நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடிப்பக்கத்தைச் சுரண்டினால் இறங்கும். மந்தர ஸ்தாயி நாக்குகள் நீளமாக, தடித்து இருக்கும். தாரத்துக்குப் போகப் போக அரிசி அளவுக்கு வந்துவிடும். நல்ல ரீடு என்றால் குஜராத்தின் பாலிதானாவிலிருந்து வருவது என்பார். அன்று ஒரு ரீடு பேசவில்லை. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை நாக்குக்கும் தகட்டுக்கும் நடுவே விட்டு இழுத்தார், ஒரு தூசி வெளியே வந்தது, சுரமும் வந்தது.

பிறகு பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். கைப்பெட்டியில் துருத்தி ஒன்றல்ல, இரண்டு. நம் கண்ணுக்குத் தெரிகிற பின்பக்கத் துருத்தி காற்றை உள்ளே தள்ள மட்டும். அதைத் திறந்தால் பலகையில் உள்ள தோல் அடைப்புகள் வழியே வெளிக்காற்று நுழையும். மூடினால் அந்த அடைப்புகள் சாத்திக்கொண்டு வேறு அடைப்புகள் திறக்க, காற்று பெட்டியின் வயிற்றில் இருக்கும் உள்துருத்திக்குப் போகும். உள்துருத்தி கீழ்நோக்கி விரியும். அதை ஸ்பிரிங்குகள் மேல்நோக்கி ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும். ரீடுகளுக்குக் காற்றைக் கொடுப்பது அந்த ஸ்பிரிங்குதான், என் கையல்ல. "பெரியாத்துத் தண்ணி முறை வச்சுத்தானே வருது? கம்மாயில தேக்கி வச்சுக்கிட்டு மடையை ஒரே அளவா தெறக்குறோம்ல, அந்த மாதிரிடா பேராண்டி" என்றார். பெரியாற்று வாய்க்காலில் குளித்து வளர்ந்த பையனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

இதிலிருந்துதான் இடது கையின் வேலை பிறக்கிறது. உள்துருத்தி காலியாகும் வரை காத்திருந்துவிட்டு ஒரே அடியாகக் காற்றடித்தால் சுரம் முதலில் தொய்யும், அப்புறம் திடுக்கிடும். அது நிறைந்து தட்டிக்கொண்டிருக்கும்போது மேலும் அழுத்தினால் ஸ்பிரிங்கின் பேச்சு எடுபடாது, கையின் அழுத்தம் நேராக ரீடில் போய் இடிக்கும். சுரம் முட்டிக்கொண்டு வரும், தடித்த ரீடுகள் ஒரு மயிரிழை சுருதி இறங்கவும் செய்யும். ஆகவே பாதிக்கு மேல், முழுசுக்குக் கீழ். அந்த அளவில் உள்துருத்தியை எப்போதும் வைத்திருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. துருத்திப் பலகையை மூடும்போது உள்ளங்கையில் தெரியும் எதிர்ப்பை வைத்தே அறிய வேண்டும். சின்னச் சின்ன வீச்சு, நிதானமான வீச்சு. ஒரே சுரத்தில் நிற்கும்போது ஒரு அளவு, நான்கு கட்டை சேர்த்துப் பிடிக்கும்போது ஒரு அளவு, முன்னால் உள்ள சுருதிக் குமிழ்களை இழுத்துவிட்டால் அதற்கு ஓர் அளவு. மந்தர ரீடு காற்றைக் குடிக்கும், பேசவும் தாமதிக்கும். அதற்குக் கொஞ்சம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும்.

ஒரு சுரம் சீராக நிற்கத் தொடங்கியதும், அதோடு சேர்ந்து அகாரம் பாடச் சொன்னார். கை குலுங்கினால் தொண்டையும் குலுங்கும், தானாகவே தெரிந்துவிடும். அது அமைந்ததும் பேச்சுக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் என்ன பாடம், அப்பா பந்தலுக்கு மருந்தடித்தாரா, கம்பத்துச் சந்தையில் திராட்சை என்ன விலை. நான் பதில் சொல்லிக்கொண்டே காற்றுப் போட வேண்டும். கடைசியாக வந்ததுதான் கடினமான பாடம். தரையில் கையால் ஆதி தாளம் போடுவார். என் இடது கை அந்தத் தாளத்தோடு சேரவே கூடாது.

கேட்பதற்கு எளிது. உடம்பு இதற்கு இணங்காது. தாளம் காதில் விழுந்ததும் கை தட்டுகிற இடத்தில் துருத்தியும் மூடிக்கொள்ளப் பார்க்கும். கால் பெட்டியில் இன்னும் மோசம். இரண்டு மிதிகட்டைகளையும் மாறி மாறி மிதிக்கும்போது பாதங்கள் நடக்கிற நினைப்பில் தாளத்துக்கு நடக்கும். அப்படி நடந்தால் பாட்டு முழுக்க மிருதங்கத்தோடு சேர்ந்து காற்றும் இடித்துக்கொண்டே வரும், நாடகக்காரரின் நீண்ட இழைப்பெல்லாம் துண்டுதுண்டாகும். "தாளம் விரலுக்குத் தெரிஞ்சாப் போதும். கைக்கும் காலுக்கும் தெரியப்படாது" என்பார். இன்றும் யாராவது ஆர்மோனியம் வாசிப்பதைக் கேட்டால் நான் முதலில் கவனிப்பது இதைத்தான். விரல் வேகத்தைப் பார்த்து அசந்துபோகிறவர்கள் ஒரு நிமிடம் அந்த இன்னொரு கையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

பாடுகிறவரோடு போகும்போது இன்னொரு நுட்பம். அவர் வரியை முடித்து மூச்செடுக்கிற இடத்தில் பின்பாட்டுக்காரருக்கும் காற்றடிக்க ஆசை வரும், அங்கேதானே ஓய்வு கிடைக்கிறது. அப்படிச் செய்தால் அந்த இடைவெளியில் பெட்டி பொங்கிவிடும். "பாடுறவன் மூச்செடுக்குற எடத்துல நீ காத்தடிச்சா, அவன் மூச்சுப் பிடிச்சது ஊருக்கே தெரிஞ்சு போகும்" என்று தாத்தா சொல்வார். காற்றை அவருடைய குரல் முழுசாக இருக்கும்போது, அதன் நிழலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் நிறுத்துகிற இடத்தில் பெட்டி அமைதியாகத் தாங்கி நிற்க வேண்டும். மைக் இல்லாத காலத்தில் நாடகக்காரர்கள் நாலு கட்டை, அஞ்சு கட்டை என்று உச்சத்தில் பாடியவர்கள். கடைசி வரிசையில் இருக்கிறவருக்கும் கேட்க வேண்டுமே. 1933-ல் இருபத்தேழு வயதில் இறந்துபோன எஸ்.ஜி. கிட்டப்பாவின் உச்சஸ்தாயியைப் பற்றி இன்னும் பேசுகிறோம். அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தில் இருந்ததைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தக் குரலுக்கு அடியில் ஒருவர் காற்றை இறங்காமல் வைத்திருந்தார்.

தாத்தா காற்றை ஆள்வதை நான் முழுமையாகக் கேட்டது காமயகவுண்டன்பட்டியில் நடந்த ஒரு மயான காண்டத்தில். அரிச்சந்திரன் சுடுகாட்டில் நிற்கிறான், சந்திரமதி மகனின் உடலோடு வருகிறாள். ஸ்திரீபார்ட் பிலாக்கணத்தைத் தொடங்கியபோது மிருதங்கம் நின்றுவிட்டது. பெட்டியில் ஒரே ஒரு சுரம். அந்த அம்மா ஒவ்வொரு வரியின் முடிவிலும் விம்மி இறங்கினார். தாத்தா கால்களை நிறுத்திவிட்டார். புதுக்காற்று எதுவும் போகவில்லை. உள்ளே இருந்ததை மட்டும் இறங்கவிட்டார். சுரம் மெலிந்து மெலிந்து, ரீடு பேசலாமா வேண்டாமா என்கிற விளிம்பு வரை வந்து, அந்த அம்மாவின் விம்மல் அடங்குகிற அதே இடத்தில் நின்றது. பிறகு கட்டை எதையும் அழுத்தாமல் சத்தமின்றி மிதித்து நிரப்பிக்கொண்டார். அடுத்த வரிக்குப் பெட்டி தயாராக இருந்தது. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். அவர்களில் எவரும் பெட்டிப் பக்கம் திரும்பியிருக்க மாட்டார்கள். நான் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படியொரு வாத்தியத்தைத்தான் அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1-ஆம் தேதி தள்ளிவைத்தது. லயனல் ஃபீல்டன் அப்போது வானொலிக்குத் தலைவர். அங்கே மேற்கத்திய இசைப் பிரிவில் இருந்த ஜான் ஃபோல்ட்ஸ் அதற்கு முன்பே இதை எதிர்த்து எழுதியிருந்தார். தாகூருக்கும் இது பிடிக்காது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது, பிறகும் பகுதியாகத்தான் தளர்ந்தது. அவர்கள் சொன்ன காரணத்தில் உண்மை இருக்கிறது. கட்டைகளில் சுரங்கள் ஒரே இடத்தில் நிலைத்துவிட்டன. ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு வழுக்கிப் போக வழியில்லை, நம் சங்கீதத்தின் உயிரான கமகம் அதில் முழுதாக வராது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கட்டைகளை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினார்கள் என்பது என் எண்ணம். சுரத்தின் இடம் நிலையானதாக இருக்கலாம். அதன் பிறப்பும் வளர்ச்சியும் தேய்வும் காற்றில் இருக்கின்றன. இரண்டு கட்டைகளையும் ஒரு நொடி சேர்த்துத் தொட்டு, முதல் சுரத்தை அழுத்தம் குறைத்து விட்டு, அடுத்ததில் காற்றைக் கொஞ்சம் நெகிழ்த்தினால் காது அந்த வழுக்கலைத் தானே நிரப்பிக்கொள்கிறது. மயான காண்டத்தில் அழுத பெண்களுக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. வானொலி நிலையத்தின் கதவு சாத்திக் கிடந்த அந்த முப்பத்தோரு வருஷமும் தமிழ்நாட்டின் கிராமத்து மேடைகளில் இந்தப் பெட்டிதான் விடிய விடிய ஒலித்தது.

அரசியல் மேடையிலும்தான். தேவாரத்துக்குப் பக்கத்திலிருக்கும் பண்ணைப்புரத்து பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். 1958-ல் கேரளத்து தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காகத் தேயிலைத் தோட்டங்களில் அவர் பாடியது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்களில் பலர் நம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறியவர்கள். அண்ணன் பெட்டியைத் தொட்டுப் பழகிய தம்பிதான் இளையராஜா. எண்பதுகளில் எங்கள் ஊர் டீக்கடையில் அவருடைய பாட்டு ஓடும்போது, வயலின் கூட்டத்தை எல்லாம் விட்டுவிட்டு, "இந்தாளு மெட்டுப் போட்டது பெட்டியிலதான், மூச்சுவிட எடம் வச்சுருக்கான் பாரு" என்பார் தாத்தா. இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் பத்திரிகைகளில் படித்ததில்லை.

துருத்தியைப் பற்றி எனக்கு இரண்டாவது பாடம் கிடைத்தது வெகுகாலம் கழித்து, நினைத்தும் பார்க்காத இடத்தில். என் மகள் அயர்லாந்தில் கோல்வே நகரில் செவிலியராக இருக்கிறாள். பேரன் பிறந்த சமயத்தில் நானும் என் மனைவியும் அங்கே போய்த் தங்கினோம். ஒரு சாயங்காலம் மருமகன் என்னை ஒரு விடுதிக்குக் கூட்டிப்போனார். மேடை இல்லை, மைக் இல்லை. ஒரு மேஜையைச் சுற்றி பிடில், புல்லாங்குழல், அவர்களுடைய நாட்டுக்குழல், ஒரு பட்டன் அக்கார்டியன். ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். அது முடிகிற இடத்தில் நிற்காமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். ஒத்திகை இல்லாமல் ஒன்றுசேர்கிற கூட்டம் எனக்குப் புதிதல்ல. என் கண் அந்த அக்கார்டியன்காரரின் இடது கையிலேயே நின்றது.

வியன்னாவில் சிரில் டெமியான் 1829-ல் அக்கார்டியனுக்குக் காப்புரிமை வாங்கினார். பாரிஸில் தெபேன் 1842-ல் ஆர்மோனியத்துக்கு வாங்கினார். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கைப்பெட்டியாக ஆக்கினார். மூன்றிலும் பேசுவது அதே பித்தளை நாக்கோ எஃகு நாக்கோதான். ஆனால் அயர்லாந்தில் வாசிக்கிற பெட்டியில் ஒரு விசேஷம். ஒரே பட்டனில் துருத்தியை அழுத்தும்போது ஒரு சுரம், இழுக்கும்போது வேறு சுரம். உள்துருத்தி கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. கை என்ன செய்கிறதோ அது அப்படியே ரீடில் விழும். காற்றின் திசையும் சுரமும் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன.

விடுதியில் வாசித்த அந்த அக்கார்டியன்காரர் வயதில் மூத்தவர். இடைவேளையில் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எங்கள் ஊரில் பெட்டி வாசிப்பேன் என்றேன். என்னைச் சங்கராபரணம் போல ஒன்றைப் பாடவைத்து, ரெண்டு கட்டை சுருதியில் அதை வாசித்துக் காட்டினார். அவர்களுடைய மெட்டுகளில் பெரும்பகுதி அந்தச் சுருதியில் உட்காருகிறது. அவர் வைத்திருந்த பெட்டியில் இரண்டு வரிசைப் பட்டன்கள், ஒன்றுக்கொன்று அரைச் சுரம் தள்ளி. பி, சி என்று அந்த வரிசைகளுக்குப் பெயர். அதில் ஸ இழுப்பு, க அழுத்து, ம அழுத்து, ப இழுப்பு, நி இழுப்பு, மேல் ஸ இழுப்பு. ரி, த இரண்டு மட்டும் இரு வரிசையிலும் கிடைக்கின்றன, ஒன்றில் இழுத்தால் வரும், மற்றதில் அழுத்தினால் வரும். ஸவிலும் பவிலும் சுற்றிக்கொண்டிருக்கிற மெட்டில் துருத்தி வெளியே போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வர இடம் இருக்காது. அப்போது அடுத்து வருகிற ரியையோ தவையோ அழுத்துகிற பக்கத்தில் எடுத்து இரண்டு விரல் அகலம் உள்ளே கொண்டுவருவார். அதுவும் இல்லையென்றால் இடது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் காற்றுப் பட்டனைத் தட்டி, சுரம் எதுவும் இல்லாமல் துருத்தியை மூடுவார், அதுவும் கேட்கிறவருக்குத் தெரியாமல். தாத்தா குரலின் நிழலில் காற்றுச் சேர்த்ததையே இவர் வேறு வழியில் செய்துகொண்டிருந்தார்.

பழைய பாணி வேறு. கோல்வேக்குத் தெற்கே பீட்டர்ஸ்வெல் ஊர்க்காரர் ஜோ கூலி, 1973-ல் இறந்தவர், அழுத்து-இழுப்பு பாணியின் பெரும் பெயர். சி-ஷார்ப், டி வரிசை வைத்த பெட்டியில் அந்தப் பாணியை எனக்கு ஒருவர் விளக்கினார்: ஸ அழுத்து, ரி இழுப்பு, க அழுத்து, ம இழுப்பு, ப அழுத்து, த நி இழுப்பு. கிட்டத்தட்ட ஒவ்வொரு சுரத்துக்கும் துருத்தி திரும்புகிறது. திரும்பும்போதெல்லாம் ஒரு நூலிழை இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் ஆடுகிறவரின் பாதத்தைத் தூக்கிவிடுகிறது. டிப்பரரியைச் சேர்ந்த பாடி ஓப்ரையன் ஐம்பதுகளில் பி, சி பெட்டியில் வேறொரு பாணியை நிலைநிறுத்தினார். துருத்தி அவ்வளவாகத் திரும்பாது, சுரங்கள் இழையும், அலங்காரங்களுக்கு இடம் கிடைக்கும். எது உயர்ந்தது என்று அங்கே வாதம் ஓய்வதில்லை. எங்கள் தாத்தா தாளம் கைக்குத் தெரியக்கூடாது என்றார். ஜோ கூலியின் வாசிப்பிலோ தாளம் கையில்தான் பிறக்கிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. எங்கள் பெட்டி பாடுகிறவரைத் தாங்குவதற்கு, அவர்கள் பெட்டி ஆடுகிறவரைத் தூக்குவதற்கு. காற்று யாருக்காகப் போகிறது என்பதுதான் கையின் வேலையைத் தீர்மானிக்கிறது.

பிறகு விடுதியில் இருந்த அந்தப் பெரியவர் தன் பெட்டியை என் தோளில் மாட்டிவிட்டார். ஒரே பட்டனை அழுத்தச் சொல்லி, துருத்தியை மெதுவாக, மிக மெதுவாகத் திறக்கச் சொன்னார். ஒரு விரற்கடை திறப்பதற்குள் எவ்வளவு நேரம் அந்தச் சுரத்தைச் சீராக நிறுத்த முடியும் என்று பார் என்றார். அயர்லாந்தில் பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அதுவாம். உள்துருத்தியின் தயவு இல்லாமல் சுரத்தை நிறுத்துவது வேறு வேலை. என் தோள்பட்டையும் முன்கையும்தான் அங்கே ஸ்பிரிங்கு. இடது கையைப் பட்டைக்குள் நுழைத்து, மணிக்கட்டை இறுக்காமல், முழங்கையிலிருந்து எடையை விட்டு இழுக்க வேண்டும். சுரம் நின்றது. அவர் தலையசைத்துவிட்டு, இந்தக் கை எங்கேயோ பழகியிருக்கிறது என்றார்.

அன்றிரவு கடைசியில் எல்லாரும் அடங்கிய பிறகு அவர் ஒரு மெதுவான பாட்டை வாசித்தார். தாளம் கிடையாது, நம் விருத்தத்தைப் போல. பழைய கேலிக் மொழிப் பாட்டுகளின் மெட்டுகளை இப்படி வாத்தியத்தில் வாசிப்பது அவர்கள் வழக்கம். 2021-ல் மறைந்த என்னிஸ் ஊரைச் சேர்ந்த டோனி மக்மஹோன் பட்டன் அக்கார்டியனில் இதற்குப் பேர்போனவர் என்று பின்னால் தெரிந்து, அவருடைய பதிவுகளைத் தேடிக் கேட்டேன். ஒரு சுரம் கண்ணுக்குத் தெரியாமல் தொடங்கி நெஞ்சு நிறைய வளர்ந்து, முடியும் இடத்தில் துருத்தியின் அசைவே நின்றுபோய்த் தானாகத் தேய்கிறது. காமயகவுண்டன்பட்டி மேடையில் கேட்டது அதே தேய்வு. அயர்லாந்துக்காரர் ஒருவருக்கும் சுருளிப்பட்டிக்காரர் ஒருவருக்கும் இதை யாரும் மாற்றிச் சொல்லிக்கொடுக்கவில்லை. துக்கத்தைக் காற்றில் சொல்ல வந்த இருவரும் தாமாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

தாத்தா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. கைப்பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது நாடக மேடைகளில் கீபோர்டும் வந்துவிட்டது. எந்த ஊர் ராஜபார்ட் எந்தக் கட்டையில் வந்தாலும் ஒரு பித்தானில் சுருதியை மாற்றிவிடலாம், அந்த வசதியைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் மின்சாரம் கொடுக்கிற சுரம் யாருடைய மூச்சுக்கும் காத்திருப்பதில்லை. இன்னும் ஆர்மோனியம்தான் வேண்டும் என்று கேட்கிற நடிகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்வரை இடது கையைக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்பதால், விடுமுறையில் என் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறேன். தீக்குச்சி செருகிய அதே பாடம். பொறுமை உள்ள பிள்ளைகள் நிற்கிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் பரணில் பழைய பெட்டி கிடப்பது எனக்குத் தெரியும். விற்கவோ எறியவோ வேண்டாம், முதலில் சோதித்துப் பாருங்கள். கட்டை எதையும் தொடாமல், சுருதிக் குமிழ்களை மட்டும் மூடிவிட்டு, துருத்தியைப் போட்டு உள்துருத்தியை நிரப்புங்கள். கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து, ஒரு கட்டையை அழுத்துங்கள். சுரம் வந்து சில நொடியாவது நின்றால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது, ரீடைத் துடைத்துச் சுருதி சேர்த்தால் போதும். உடனே அடங்கிவிட்டால் எங்கோ தோல் விட்டிருக்கிறது. மடிப்பு மூலைகளையும் எலி கடித்த இடங்களையும் பாருங்கள். எண்ணெய் மட்டும் போட்டுவிடாதீர்கள், தோல் அடைப்புகள் ஒட்டிக்கொள்ளும், ரீடில் தூசி படியும். மெல்லிய ஆட்டுத்தோலும் வச்சிரப் பசையும் இருந்தால், தெரிந்தவர் கையில் அது ஒரு நாள் வேலை.